ரப்பர் பட்டை கட்டாத கைகளுக்கு நன்றி

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இதய சிகிச்சைக்கு அலைகிற பெற்றோர் சேர்ந்து எழுதுவது.

பெரிய டாக்டர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. அறைக்குள் போகும்போதும் கும்பிடுகிறோம், வரும்போதும் கும்பிடுகிறோம். இந்த மடல், கும்பிடுவதற்குள் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிட்டவர்களுக்கு. நீங்கள் செய்தது என்ன, அது ஏன் சரி என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் ட்யூட்டியில் இருப்பார் இல்லையா.

சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற அடுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை இந்த அடுப்புகளே பிடித்திருக்கின்றன. ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிற உறுப்புக்கு அவ்வளவு வேண்டும். அடுப்பு மங்கினால் சில பிள்ளைகளுக்கு இதயச் சுவர் தடிக்கும். சிலருக்கு அறை பெருத்துத் தளரும். சிலருக்குத் தசை நன்றாகவே இருக்கும், துடிப்பைக் கடத்துகிற வயரிங் மட்டும் கெடும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு இதயத் தசை பாதிக்கப்படுகிறது. அதில் தடிப்பதுதான் அதிகம். தடித்த இதயமே சில வருஷம் கழித்துத் தளர்ந்துபோவதும் உண்டு. அதனால்தான் 'போன வருஷ எக்கோ (இதய ஸ்கேன்) நல்லாத்தானே இருந்துச்சு' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

முதல் நன்றி கண் பரிசோதனை அறையில் இருப்பவர்களுக்கு. இதய நோய்க்கு எதற்குக் கண் ஆஸ்பத்திரி என்று கேட்கலாம். 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் இது. கண்ணில் ஏதாவது என்றால் சுற்றுவட்டாரம் முழுக்க மதுரைக்குத்தான் பஸ் ஏறும். இமை தொங்குகிறது, விழி பக்கவாட்டில் திரும்பவில்லை, விழித்திரையில் உப்பும் மிளகும் தூவியதுபோல் நிறம் படிந்திருக்கிறது. இவை 20 வயதுக்குள் சேர்ந்து வந்தால் அது கண்ணோடு நிற்கிற நோய் இல்லை. கியர்ன்ஸ், சேயர் என்ற இரு மருத்துவர்கள் 1958-ல் விவரித்த கோளாறு அது. அதில் இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு இறங்கும் மின்துடிப்பு முதலில் தாமதப்பட்டு, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் முழுசாக அறுந்துவிடலாம். பேஸ்மேக்கர் வைத்தால் பிள்ளை பிழைக்கும். வைக்கத் தவறினால் ஒரு மயக்கத்தோடு முடிந்துவிடலாம். இமையைத் தூக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்குமுன் "ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்கம்மா" என்று சீட்டு எழுதியவர்களே, நீங்கள் எழுதியது அரை வரி. கைக்குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை, பால் குடிக்கையில் நெற்றியெல்லாம் வியர்வை என்று கேட்டதும் மயக்க மருந்துக்கு முன்பே எக்கோ கேட்டவர்களுக்கும் அதே நன்றி. கண்புரையும் தடித்த இதயமும் ஜோடியாக வரும் செங்கர்ஸ் கோளாறை அப்படித்தான் பிடிக்க முடியும்.

அடுத்து இரத்தம் எடுத்த சிஸ்டர்களுக்கு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். அடுப்பு மங்கினால் ரத்தத்தில் கூடுகிற பொருள் லாக்டேட். அதன் பரிசோதனையில் அளவு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். கையில் ரப்பர் பட்டை இறுக்கினாலும், முஷ்டியை மூடச் சொன்னாலும், பிள்ளை கால் மணி நேரம் வீறிட்டு அழுதாலும் அந்த எண் பொய்யாக ஏறும். பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவு. நீங்கள் செய்த வரிசை இதுதான்: ஒரு மணி நேரம் முன்னால் மரத்துப்போகும் களிம்பு, பிறகு வென்ப்ளான் (நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்), பிள்ளை அம்மா மடியில் அரை மணி நேரம் அடங்கும்வரை காத்திருப்பு, அதற்கப்புறம் பட்டை கட்டாமல் ரத்தம். முதல் ஒன்றிரண்டு மில்லியை ஒதுக்கிவிட்டு, அடுத்த 2 மில்லியைச் சாம்பல் மூடிக் குழாயில் விட்டு, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பி, ஐஸில் வைத்துக் கால் மணி நேரத்துக்குள் லேபுக்கு. குழாயில் இருக்கும் ஃப்ளோரைடு ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்தும். ஆனால் உடனே நிறுத்தாது, அதற்குத்தான் ஐஸ். வெறும் ஐஸ்கட்டியில் குழாய் ஒட்டினால் அணுக்கள் உடையும் என்று தண்ணீர் கலந்து வைத்தீர்கள், அதுவும் தெரியும். கேட்டதும் ஒரு கை ஐஸைக் கவரில் போட்டுக் காசு வாங்காமல் கொடுத்த கோரிப்பாளையத்து ஜிகர்தண்டாக் கடை அண்ணனுக்கும் சேர்த்து நன்றி.

எக்கோ அறையில் பிள்ளையைத் தூங்கவைக்க மருந்து கொடுக்க வேண்டுமென்றால் பட்டினி போட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டினியே விஷம். வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, ஜெல்லைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, அம்மா மடியிலேயே படம் எடுத்த டெக்னீஷியன் தம்பிக்கு எப்படிக் கைமாறு செய்வது? 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டுகிறவர்களுக்குச் சித்திரை வெயில் பெரிய எதிரி. தேங்காய் எண்ணெய் தடவிய மார்பில் ஸ்டிக்கர் நிற்காது, வியர்த்தால் கழன்றுவிடும், கழன்ற நேரத்தில்தான் துடிப்பு தவறும். முந்தின நாளே குளிப்பாட்டச் சொல்லி, எண்ணெய் வேண்டாம் என்று போனில் சொல்லி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, மேலே தொளதொள பருத்திச் சட்டை போடச் சொன்னீர்கள். பதிவு முழுசாக வந்தது.

மெடிக்கல் ஷாப் அக்காவுக்கு. குழந்தைக்கு ஏற்ற சின்ன அளவில் இந்த இதய மாத்திரைகள் கிடைப்பதில்லை. எனலாப்ரில் 2.5 மில்லிகிராம் மாத்திரையை 5 மில்லி தண்ணீரில் கலந்தால் ஒரு மில்லியில் அரை மில்லிகிராம். டாக்டர் எழுதிய அளவை ஸ்பூனால் இல்லாமல் 1 மில்லி சிரிஞ்சால் எடுக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கார்வெடிலால் தண்ணீரில் கரையவே கரையாது, அடியில் தங்கும். குலுக்காமல் மேலாக எடுத்தால் வெறும் தண்ணீர்தான் உள்ளே போகும். இதை ஒவ்வொரு முறையும் குலுக்கிக் காட்டினீர்கள். புரோப்ரனலால் சீட்டு வந்தால் "சாப்பிடாத நேரத்தில குடுத்துராதீங்க" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தீர்கள். வெறும் வயிற்றில் அந்த மருந்து சர்க்கரையை இறக்கும், இறங்குவதன் அறிகுறியையும் மறைக்கும்.

நடுராத்திரி வார்டு ட்யூட்டிக்காரர்களே, வாந்தியும் காய்ச்சலுமாக வந்த பிள்ளையின் ஃபைலில் முதல் பக்கத்தைப் படித்தீர்களே, அதற்கு. டிரிப்ஸில் லாக்டேட் கலந்த ரிங்கர் திரவம் வேண்டாம், குளுக்கோஸ் கலந்ததுதான் போக வேண்டும், வலிப்பு வந்தால் வால்ப்ரோயேட் மருந்தைத் தொடக் கூடாது என்று அதில் இருக்கும். 10 கிலோப் பிள்ளைக்கு வழக்கமான கணக்கு மணிக்கு 40 மில்லி. தளர்ந்த இதயத்துக்கு அதுவே கூடுதல், நுரையீரலில் நீர் கோக்கும். தடித்த இதயத்துக்கு நீர் குறைந்தால் உள் அறை நிரம்பாமல் ரத்த அழுத்தம் விழும். ஒரே வார்டில் ஒரே நோய்ப் பெயரோடு படுத்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நேரெதிர் வைத்தியம். எக்கோ தாளைத் தேடிப் பார்த்த பிறகே சொட்டு வேகத்தை வைத்தீர்கள். (குளுக்கோஸ் கூடினால் மோசமாகிற ஒரு வகையும் இந்த நோயில் உண்டு. ஃபைலின் முதல் பக்கம் இல்லாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.)

மரபணு ஆலோசகருக்கு ஒரு வரி. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணு தாய்வழி மட்டும் வரும் என்பது உண்மை. ஆனால் சின்ன வயதிலேயே வரும் பெரும்பாலானவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருபவை, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுகிற வழக்கமுள்ள ஊரில் இதைப் பாட்டி தாத்தா முன்னாலேயே சொன்னதால் மருமகள் தலையில் விழவிருந்த பழி விலகியது.

பள்ளிக்கூடத்துச் சமையல் அக்காக்களுக்கு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில்தான் தொடங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்கும் மறுநாள் மதியத்துக்கும் நடுவே விழும் நீண்ட இடைவெளி எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்து, முதல் தட்டு ரவா கிச்சடியை அவர்களுக்கு வைத்தீர்கள். ஓட்டப்பந்தயத்தில் ஓடவைக்காமல், தோப்புக்கரணம் போடச் சொல்லாமல், அதே நேரம் ஓரமாக உட்காரவைத்து ஒதுக்காமல், களைத்தால் அவனே நின்றுகொள்ளட்டும் என்று விட்ட பி.டி. சாருக்கும். பேஸ்மேக்கர் வைத்த பிள்ளையை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டருக்குள் நிற்கவிடாமல் சட்டென்று கடத்திவிட்ட போலீஸ்காரருக்கும்.

கடைசியாக அங்கன்வாடி டீச்சருக்கு. நீர் பிரிக்கும் மருந்து சாப்பிடுகிற பிள்ளையைத் தினமும் காலையில் ஒண்ணுக்குப் போனபின், சாப்பிடுமுன், அதே தராசில் நிறுத்த வேண்டும். இரண்டு நாளில் எடை சட்டென ஏறினால் அது சதை இல்லை, நீர். ஞாயிற்றுக்கிழமையும் சாவி கொடுத்தீர்கள். சுவரில் சாக்பீஸால் எழுதிய எண்களைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அழிக்காமல் விட்டுவைத்தீர்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்