17சி நகல் வாங்காமல் உங்கள் முகவர் சாவடியை விட்டு வரக்கூடாது: மாவட்டச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சிகளின் மாவட்ட, ஒன்றிய, நகரச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பல தேர்தல்களில் வாக்குச்சாவடி தலைமை அலுவலராக வேலை பார்த்திருக்கிறேன், எந்தக் கட்சியிலும் இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததும், அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதித் தரும் படிவம் 17சி-யின் நகலைக் கையில் வாங்காமல் உங்கள் பூத் ஏஜென்ட் யாரும் சாவடியை விட்டு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2024 ஏப்ரல் 19 உங்களுக்கு நினைவிருக்கும். மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த அன்று மாலை தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள், சில மணி நேரத்தில் அது 69.46 ஆனது, கடைசியில் 69.72 என்று நின்றது. முதலில் வந்தது மதிப்பீடு, பிறகு வந்ததுதான் கணக்கு. ஆனால் ஊரெல்லாம் சந்தேகம் பரவியபோது, "எங்களிடம் எல்லாச் சாவடியின் 17சி நகலும் இருக்கிறது, கூட்டிப் பார்த்துவிட்டோம், இதுதான் எண்ணிக்கை" என்று எழுந்து சொல்ல எத்தனை கட்சிகளால் முடிந்திருக்கும்? அதே ஆண்டு, சாவடிவாரியாக அந்த விவரத்தை இணையத்தில் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, முகவர்களுக்குத்தான் நகல் கொடுக்கப்படுகிறதே என்பது தேர்தல் ஆணையத்தின் வாதங்களில் ஒன்று. அப்படியென்றால் அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது.

தேர்தல் நடத்தை விதிகளில் 49எஸ் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாக்குப்பதிவு முடியும்போது சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும், ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலைமை அலுவலர் நகல் கொடுத்தாக வேண்டும். "இருக்கும் முகவர்" என்பதைக் கவனியுங்கள். நாலரை மணிக்கே எழுந்து போனவருக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். நான் பார்த்த வரையில் காலையில் நெரிசலாக உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கடைசியில் இருக்க மாட்டார்கள். மாற்று முகவர்கள் இரண்டு பேரை நியமிக்க விதியே இடம் தருகிறது, உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம், அவ்வளவுதான். ஆள் மாற்றி மாற்றி உட்கார வையுங்கள், காலையிலிருந்து ஒரே ஆளைப் பட்டினி போட்டு உட்கார வைத்தால் அவர் எப்படிக் கடைசி வரை இருப்பார்?

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதையும் முகவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சாவடிக்கு உரிய மொத்த வாக்காளர்கள், பதிவேட்டின்படி வந்தவர்கள், வாக்களிக்க மறுத்தவர்கள், இயந்திரத்தில் பதிவான மொத்தம், கருவிகளின் எண்கள், தாள் முத்திரைகளின் எண்கள் எல்லாம் அதில் வரும். கட்டுப்பாட்டுக் கருவியில் மொத்தம் காட்டும்போது அந்த எண்ணைத் தானும் பார்த்துக் குறித்துக்கொண்டு, படிவத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலர்கள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நாங்கள் களைத்துப் போயிருப்போம், உறைகளை ஒட்டி அரக்கு வைத்து வண்டிக்காகக் காத்திருப்போம், "அப்புறம் தருகிறேன்" என்று சிலர் சொல்லிவிடுவதும் உண்டு. சண்டை வேண்டாம், பணிவாக, ஆனால் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, உரிமை.

காலை நேரமும் இதே அளவு முக்கியம். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பு மாதிரி வாக்குப்பதிவு, அதாவது ஏழு மணிக்குத் தொடக்கம் என்றால் ஐந்தரைக்கு. குறைந்தது 50 வாக்குகள் போட்டு, முடிவைப் பார்த்து, அழித்து, யாருக்கு வாக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியிலிருந்த சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் வைத்து முத்திரையிட வேண்டும். முகவர் வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்ப்பார்கள், அப்புறம் அவர்கள் இல்லாமலேயே நடத்திவிடுவார்கள். மாதிரி வாக்குகளை அழிக்க மறந்துவிட்டால் எண்ணும் நாளில் அந்த இயந்திரம் தனியே ஒதுக்கப்படும். அங்கே விழித்திருக்கும் ஒரு முகவர் "சார், கிளியர் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாலே அந்தத் தவறு நடக்காது.

இடையில் வரும் ஆள்மாறாட்ட ஆட்சேபணை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு முதலில் ஆட்சேபிப்பவருடையது. அதனால் இறந்தவர், வீடு மாறியவர் பட்டியலைக் கையில் கொடுத்து, அந்தத் தெருவை அறிந்தவரையே அனுப்புங்கள். முதல் அலுவலர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பது முகவர்கள் கேட்டுச் சரிபார்க்கத்தான். ஆளே தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்து என்ன பயன்?

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நினைக்கிறவர்கள் 2016 சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள், காட்டுமன்னார்கோயிலில் 87. 2021-இல் தியாகராய நகரில் 137. ஒரே ஒரு சாவடியின் கணக்கு இதைவிடப் பெரியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நகல்களை வாங்கினால் மட்டும் போதாது, ஒன்றியத்துக்கு ஒருவர் என்று பொறுப்பாளர் வைத்து அன்று இரவே சேகரித்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் மேசையில் பெட்டி திறக்கும்போது கருவி எண்ணையும் மொத்தத்தையும் ஒப்பிட அந்தத் தாள் வேண்டும். எந்த மேசைக்கு எந்தச் சாவடி வரும் என்று பார்த்து அடுக்கி, உங்கள் எண்ணிக்கை முகவர்களின் கையில் அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று முந்தின நாளே நீங்களே நேரில் பார்த்துவிடுங்கள்.