டி.சி.யைக் கடைசியில் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு, முதலாண்டை இங்கே முடித்தவர்கள் 'வெளிமாநிலத்தில் நேரடியாக இரண்டாம் ஆண்டு' சேரலாம் என்ற பேச்சு நம் பகுதியில் கிளம்பிவிடும். கடலூர்க்காரருக்கு வெளிமாநிலம் என்றால் பெங்களூருதான் என்றில்லை. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினாலே நிர்வாகம் வேறு. அந்தப் பக்கம் சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு), புதுவைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பஸ்ஸில் போய்வரும் தூரம் என்பதற்காக ஒரு காகிதம்கூடக் குறையாது.

'சீட் இருக்கிறது, டி.சி.யோடு வாருங்கள்' என்று ஏஜென்ட் சொல்வதில்தான் வினையே இருக்கிறது. டி.சி. வாங்கிய நிமிடமே மாணவர் பெயர் பழைய கல்லூரியின் ரோலில் இருந்து போய்விடும். புதிய இடத்தில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாவிட்டால், பழைய வகுப்புக்குத் திரும்பவும் தனி அனுமதி வேண்டும். அதற்குள் ஒரு ஆண்டு கையை விட்டுப் போயிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குள் அதே பிரிவில் காலியிடம் உண்டா என்பது. இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படித்தவர் இ.சி.இ.க்குத்தான் போக முடியும். மாற்றத்தோடு பிரிவையும் சேர்த்து மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் இப்படி நடுவில் நுழைய வழியில்லை. அரியர் இருந்தால் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். நேரம் என்று பார்த்தால் மூன்றாம் செமஸ்டர் தொடக்கம். சில இடங்களில் ஐந்தாம் செமஸ்டர். காலியிடம் உறுதியானதும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியின் சம்மதக் கடிதம், பிறகு இப்போதைய கல்லூரியின் தடையில்லாச் சான்று, அதன்பின் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஒப்புதல். தமிழ்நாட்டுக்குள் வருபவர் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதியையும் பெற வேண்டும். பழைய பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் (இடப்பெயர்வுச் சான்று) டி.சி.யும் இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான்.

இதில் நாள்கணக்கில் இழுப்பது ஈக்குவலன்ஸ், அதாவது படித்து முடித்த பாடங்களைப் புதிய பல்கலைக்கழகத்தின் பாடங்களோடு ஒப்பிடும் வேலை. பாடத்திட்டக் குழு தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, யூனிட் யூனிட்டாகப் பார்க்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனையே (பாடத்திட்ட விதிமுறை) எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும். இரண்டாவதில் புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும். பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டுக்குள்ளேயே வெக்டர் கால்குலஸையும் லாப்லாஸையும் முடித்துவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு 'கணிதம் 2' என்ற பேர் பொருந்தினாலும் உள்ளடக்கம் பொருந்தாது. அந்தத் தாளைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். நம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' ஆகிய ஒரு கிரெடிட் பாடங்களுக்கு வெளியே ஜோடி கிடையாது. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போனால் அங்கே கன்னடப் பாடம் காத்திருக்கும் (கன்னடம் தெரியாதவர்களுக்கென்றே எளிய பாடம் உண்டு, பயப்பட வேண்டாம்).

மதிப்பெண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் மொத்தத்தில் 50 எடுத்தால்தான் பாஸ். விஸ்வேஸ்வரய்யாவில் 40 போதும். அங்கே 43 வாங்கிப் பாஸான தாள் இங்கே எப்படிக் கணக்கில் சேரும் என்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவருக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். பல்கலைக்கழகத்தின் பேர் ஒன்றாக இருந்தாலும் சிலபஸ் கல்லூரிக்குச் சொந்தமானது.

ஆகவே சிலபஸ் நகலில் அசட்டை கூடாது. ரெகுலேஷன் ஆண்டு அச்சான முதல் பக்கம், ஒவ்வொரு பாடத்தின் கோடு, எல்-டி-பி-சி வரி (விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட் எண்ணிக்கை), ஐந்து யூனிட்டுகளும் முழுதாக, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரையும் முதல்வர் கையெழுத்தும். இப்படி நான்கு செட். முதல் பக்கத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸ் போட்டால் எந்த ரெகுலேஷன் என்று தெரியாமல் ஃபைல் திரும்பி வரும். இன்டர்னல் மார்க் தனியாகத் தெரியும் மார்க் ஷீட்டும் வேண்டும்.

2021-ல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் கணக்கு இருந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று ஒரு நினைப்பு உலவுகிறது. அது கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். எதை ஏற்பது என்பது சேரும் பல்கலைக்கழகத்தின் முடிவு.

ஃபைல் தாமதமானால் அடுத்த அடி வருகைப்பதிவில் விழும். 75 வேலை நாள் கொண்ட செமஸ்டரில், தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 57 நாள் வேண்டும். 18 நாளுக்கு மேல் பிந்திச் சேர்ந்தவர், அதன்பின் ஒரு நாள்கூட லீவு போடாவிட்டாலும் கணக்கு இடிக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கட்டணச் சலுகையும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வோடு கட்டப்பட்டவை. எல்லை தாண்டினால் அவை உடன் வராது. சென்டாக் வழியாகக் கிடைக்கும் காமராஜர் நிதியுதவியும் அப்படித்தான். கல்விக்கடன் வாங்கியிருந்தால், புதிய கட்டண விவரத்தோடு வங்கிக் கிளையின் எழுத்துபூர்வமான ஒப்புதலை முதலிலேயே பெற வேண்டும். 'மீதி ஆண்டுகளின் ஃபீஸைக் கட்டினால்தான் டி.சி.' என்று கல்லூரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி அதை அனுமதிப்பதில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்துவிட்டது. கேட்பதை எழுத்தில் கேட்டு, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுவை, அண்ணா, அண்ணாமலை மூன்றும் முதல் இரண்டு செமஸ்டர் பாடங்களுக்காவது ஒரு ஈக்குவலன்ஸ் பட்டியல் தயாரித்து, ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் திருத்தி, ஜூன் மாதத்துக்குள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். எந்தத் தாளைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும் என்பது விண்ணப்பிக்கும் முன்பே மாணவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கல்லூரி அலுவலக, தேர்வுப் பிரிவு ஓய்வுபெற்ற பணியாளர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.