சர்க்கரை, இரத்தக் கொதிப்பு: மாத்திரையோடு உப்பு, சோறு, நடைக்கும் ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பென்னாகரம் வட்டாரத்தைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள், மருந்தாளுநர்கள், சத்துணவுப் பணியாளர்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை வராமல் தடுக்கவும், வந்தவர்களுக்குக் கட்டுக்குள் வைக்கவும் கிராம அளவில் சில ஏற்பாடுகள் செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், இன்று சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரை வாசலுக்கே வந்து சேர்கிறது. மாத்திரைக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டியதில்லை. இதற்கு எங்கள் நன்றியை முதலில் பதிவு செய்கிறோம். அந்தத் திட்டம் வந்து நிற்கும் அதே வாசலில் செய்ய வேண்டிய மீதி வேலைக்காகத்தான் இந்த மனு.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி, பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், 35.5 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு. இன்னும் 15.3 விழுக்காட்டினர் நோயின் முன்நிலையில், வாசற்படியில் நிற்கிறார்கள். இவர்களுக்கு இன்னும் மாத்திரை இல்லை, அட்டை இல்லை, வீட்டுக்கு யாரும் வருவதும் இல்லை. இவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். ஏனென்றால் இவர்களைத் திருப்பி அனுப்ப முடியும். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, முன்நிலையில் இருந்த 531 பேரைச் சென்னையில் மூன்று ஆண்டுகள் கவனித்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் தொடர்ந்து கவனித்து வழிகாட்டிய பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40 பேர். பழக்க மாற்றம் மாத்திரைக்கு இளைத்ததல்ல என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

இங்கே கவனிக்க வேண்டியது, "வழக்கமான அறிவுரை" தோற்றுப்போன பிரிவு என்பது. "உப்பைக் குறைங்க, நடங்க" என்று சொல்வது அறிவுரை. எத்தனை கிராம், எந்தக் கரண்டி, எந்த இடத்தில், எத்தனை நிமிடம் என்று காட்டித் தருவதே ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

முதலில் அளவெடுப்பு சரியாக வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று வந்தவரை உட்காரவைத்த உடனே பி.பி. பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும்; பாதம் தரையில் பட வேண்டும்; கால்மேல் கால் கூடாது; கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும்; அளக்கும்போது பேசக் கூடாது; சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும்; அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரியை எழுத வேண்டும். கையில் சுற்றும் பட்டையின் அளவும் முக்கியம். வழக்கமான பட்டை, மேற்கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை உள்ளவர்களுக்கானது. அதைவிடப் பருத்த கையில் அதே பட்டையைச் சுற்றினால் இல்லாத கொதிப்பு இருப்பதாகக் காட்டும். அப்படிக் காட்டிய எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரு பெரிய பட்டை, முதுகுச் சாய்வுள்ள ஒரு நாற்காலி, ஒரு தையல் டேப். இவ்வளவுதான் செலவு.

சர்க்கரைப் பரிசோதனையிலும் இப்படித்தான். மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து 200ஐத் தாண்டிவிடும். ஸ்பிரிட் தடவிய ஈரம் காய்வதற்கு முன் குத்துவதும், விரலைப் பிழிந்து இரத்தம் எடுப்பதும் அளவைத் திரிக்கும். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். பரிசோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவைத் திறந்தபடி வைத்தால் காற்றின் ஈரமே அவற்றைக் கெடுத்துவிடும். கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எழுதப்படாத சர்க்கரை அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்றால் அது முன்நிலை, 126 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் என்று ஐயப்பட்டு மறுபரிசோதனை செய்ய வேண்டும். இந்த வேறுபாடு பதிவேட்டில் தெரிய வேண்டும்.

முன்நிலையில் இருப்பவர்களை எங்கே தேடுவது? ஒரு பட்டியல் கையிலேயே இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 140ஐத் தொட்ட தாய்மார்களின் விவரம் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் உள்ளது. பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை இவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பரிசோதிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே தாய்க்கும் பார்த்துவிட்டால் தனியாக ஒரு நாள் அலைய வேண்டியதில்லை.

அடுத்தது சோறு. 150 கிராம் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உண்டு. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்: தட்டில் பாதி காய், கீரை, கால் பங்கு பருப்பு, கொள்ளு, அவரை அல்லது முட்டை, மீதிக் கால் பங்கில் சோறோ களியோ. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. இதற்குக் கூடுதல் செலவே இல்லை.

நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023இல் நியாய விலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல முடிவு. ஆனால் கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்ற தவறான நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகு மாவிலும் மாவுச்சத்து சுமார் 70 கிராம் உண்டு. அரிசியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகின் பலன் அதன் நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் இருக்கிறது. மாவை நைசாக அரைத்து, சலித்து, தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அரிசி நொய் கூட்டிக் கிண்டிய களியில் இரண்டு உருண்டை என்றால், கணக்கு பழைய சோற்றுக்கே வந்து நிற்கும். சலிக்காத மாவு, நொய் குறைவு, ஒரு உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ: இதுதான் முறை. இந்த நான்கு வரியைக் கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவும், கல் நீக்கிய கேழ்வரகு மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்கவும், மாவு நாள்பட்டால் பூச்சி பிடிப்பதால் தானியமாகவே வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

உப்பை வீட்டில் யாரும் தராசில் வைத்து அளக்கப் போவதில்லை. அது எங்களுக்குத் தெரியும். அதனால் பாக்கெட்டை வைத்துக் கணக்கிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம்; ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் ஆகியவற்றின் வழியாக வரும் உப்பு இதில் சேராததால், அவற்றைச் சாப்பிடும் வீட்டில் 60 நாளைத் தாண்டி வந்தால்தான் சரி. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைப் பேனாவால் அதன்மேலேயே எழுதிவைத்தால் போதும். மாத்திரை கொடுக்க வரும் சகோதரி அடுத்த முறை அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். சோறு வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்துவதே முதல் படி. குழம்பில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஒரே நாளில் பாதியாகக் குறைக்கும் வீடுகள் மூன்றாம் நாளே பழையபடி திரும்பிவிடுகின்றன. இந்துப்பு, கல் உப்பு என்று மாறுவதில் பயனில்லை. அவற்றிலும் சோடியம் அதேதான். அயோடின் மட்டும் குறைந்துபோகும்.

தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் அறிமுகப்படுத்திய உப்பு வகைகளில் சோடியம் குறைந்த உப்பும் ஒன்று. அதை எங்கள் வட்டார நியாய விலைக் கடைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. அதில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் ஆகிய கொதிப்பு மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த வரி இல்லாமல் அந்த உப்பை விற்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

டீக்கடைகளைப் பொறுத்தவரை இரண்டு விஷயம்தான். ஒரு டீயில் இரண்டு கரண்டி என்றால் சர்க்கரை ஏறக்குறைய 10 கிராம். நாளுக்கு நான்கு டீயில் 40 கிராம் போய்விடுகிறது. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு அலுவலக உணவகங்களிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் சர்க்கரை போடாத டீயைக் கொடுத்துவிட்டு, வேண்டுபவர் தாமே போட்டுக்கொள்ளும்படி சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்லலாம். பஜ்ஜி, போண்டா எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் கெட்ட பொருள்களான மொத்தப் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 முதல் நடப்பில் உள்ளது. நுரை பொங்குவது, நிறம் கறுப்பது, பாகுபோல் தடிப்பது, அடுப்பில் வைத்தவுடன் புகைவது ஆகியவை எண்ணெய் கெட்டதற்கு அடையாளம். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கருவியோடு மாதம் ஒருமுறை சந்தை நாளில் வந்து சோதித்தால் மற்றதைக் கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்கள் விற்கக் கூடாது என்ற 2020ஆம் ஆண்டு விதியையும் நடைமுறைப்படுத்தக் கோருகிறோம்.

நடை. வாரத்துக்கு 150 நிமிடம் சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்பதே அந்த வேகத்துக்கு அடையாளம். "காட்டு வேலை செய்யும் எங்களுக்கு நடை எதற்கு" என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் காட்டு வேலை ஆண்டு முழுதும் இருப்பதில்லை. உழவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. கடைக்குப் போகவும் இருசக்கர வண்டி வந்துவிட்டது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்காரர்களுக்கு மிகவும் ஏற்றது. 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் 8 கி.மீ. பாதை மாவட்டத்துக்கு ஒன்றுதான். கிராமத்துப் பெண்கள் அங்கே வர முடியாது. அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை 5.30 முதல் 7 மணி வரையும் மாலை 6 முதல் 7.30 வரையும் திறந்துவிட்டு, இரண்டு விளக்கு போட்டுத் தந்தால் போதும். இருட்டும் தெருநாயும்தான் பெண்களைத் தடுக்கின்றன, சோம்பல் அல்ல.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதே பெரிய ஆபத்து. மாத்திரையால்தான் அளவு சரியாக இருக்கிறது. அம்லோடிபின் என்ற கொதிப்பு மாத்திரை சிலருக்குக் கால் வீக்கம் தரும். மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கலங்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்து, காலையில் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வேலைக்குப் போவது; சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சரியாகாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். ஊரக வேலைத் தளங்களின் முதலுதவிப் பெட்டியில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கும்படி உத்தரவிட வேண்டுகிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை கண் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாத உணர்வு ஆகிய மூன்றையும் பார்த்த தேதி ஒவ்வொருவர் அட்டையிலும் எழுதப்பட வேண்டும். புகையிலையை விட விரும்புபவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் அதே அட்டையில் அச்சிடலாம்.

இவை அனைத்தையும் மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஐந்து ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்க அனுமதியும், மேலே கேட்ட பட்டை, நாற்காலி, டேப், மைதான விளக்கு, உப்பு ஆகியவற்றையும் தந்தால் போதும். உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வந்தது, இடுப்புச் சுற்றளவு (ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரம்பு) எவ்வளவு மாறியது, எத்தனை பேரின் இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே வந்தது என்ற மூன்று கணக்கையும் எங்கள் குழுக்களே ஊதியமின்றி எழுதி, மாதத்தின் முதல் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தங்களிடம் நேரில் ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட குழுக்களின் உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: பென்னாகரம்

நகல்: மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்ட வழங்கல் அலுவலர், உணவுப் பாதுகாப்பு மாவட்ட நியமன அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர்.