முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விரிவுரையைக் குறைத்து, மாணவர்களையே கலந்து பேசவும் கணக்கைப் போட்டுப் பார்க்கவும் வைக்கும் ஆசிரியர்கள் கல்லூரிகளில் பெருகி வருவது நல்லதே. ஆனால் அப்படித்தான் நடத்தப்போகிறோம் என்று முதல் நாளிலேயே காரணத்தோடு சொல்பவர்கள் குறைவு என்பது இயற்பியல் கற்பிக்கும் என் கருத்து.

மேலே செல்லும் லிஃப்ட் நிற்கப்போகும் நேரத்தில், உள்ளே எடைக் கருவியின் மேல் நிற்பவருக்கு எடை கூடக் காட்டுமா, குறையக் காட்டுமா என்று கேட்டு, முதலில் தனியாக விடை எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னால், சற்று நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து "நோட்ஸ் கொடுத்துடுங்க சார்" என்று குரல் வரும். அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. பிளஸ் டூ வரை வினா வங்கியை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கியவருக்கு, விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஆசிரியர் பாடம் நடத்தாமல் பொழுதைக் கழிப்பவராகத்தான் தெரிவார்.

இது நம் ஊர் மாணவர்களின் குறை மட்டுமன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றும், நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக எண்ணினார்கள். தடுமாறிக் கற்பது கற்காததுபோல் தோன்றும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே விளக்கிவிட வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை.

நமக்கு அதற்கான வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு புதிதாகச் சேரும் மாணவர்களுக்காக 2019-இல் வகுத்த 'தீக்ஷாரம்ப்' அறிமுக நிகழ்ச்சி பல கல்லூரிகளில் வரவேற்புரை, சிறப்புரை என்றே கழிந்துவிடுகிறது (அங்கும் மாணவருக்கு வாய் திறக்க வேலை இல்லை). அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வகுப்பு எப்படி நடக்கும், எதைப் படித்துவிட்டு வர வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா என்பதையெல்லாம் சொல்வதோடு, மாதிரிக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து நடத்தியும் காட்டலாம்.

அகமதிப்பீட்டுக்கு உரிய 25 மதிப்பெண்ணில் இந்தப் பங்கேற்புக்கு எவ்வளவு என்பதையும் துறைகள் அன்றே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அது தெரியாதவரை, நோட்ஸ் கேட்கும் மாணவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்படிக்கு,
இயற்பியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்,
திருச்சி.