பூஜ்யம் வாங்கிய கர்ப்பிணிக்காக ஒரு மடல்

ஃப்ளூ பரவல் காலத்துக்கான சிகிச்சை நெறிமுறையைத் தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். ஒரு தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர் எழுதுகிறேன். எந்தப் படிவத்தைப் பற்றி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'பாக்டீரியா நிமோனியா கண்டறிதல்' என்று தலைப்புப் போட்டு, கீழே கர்ப்-65 (CURB-65) மதிப்பெண்ணை, அதாவது மனக்குழப்பம், யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், வயது ஐந்தையும் பார்த்து, கூடக்கூட ஆபத்து அதிகம் என்று சொல்லும் கணக்கை, அச்சடித்து அனுப்பினீர்களே, அந்த மஞ்சள் தாள்தான். எங்கள் புதுச் செவிலியர் பெயரைக் கேட்டுவிட்டு இது கர்ப்பிணிகளுக்கான படிவம் என்று நினைத்தார். அப்படி இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

போன வாரம் நள்ளிரவு தாண்டி ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். வயது 26. ஃப்ளூ தணிந்து இரண்டு நாள் நன்றாக இருந்தவருக்குக் காய்ச்சல் திரும்ப ஏறியிருந்தது, சளி துரு நிறத்தில். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 89 சதவீதம்தான் என்று காட்டியது, அது ஆபத்தான குறைவு. படிவத்தை நிரப்பினேன். மனக்குழப்பம் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 28. முப்பதைத் தொட்டால்தான் மதிப்பெண். ரத்த அழுத்தம் 100/70. யூரியா 16, கர்ப்பத்தில் அது இயல்பாகவே குறையும். வயது 65 ஆக இன்னும் 39 வருடம் பாக்கி. ஆக மொத்தம் பூஜ்யம். ஆக்ஸிஜன் அளவை எழுத உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "ஸ்கோர் என்ன மேடம்?" என்றார்கள். சொன்னேன். "பூஜ்யத்துக்கு எதுக்கு ரெஃபர் பண்றீங்க? வீட்டுக்கு அனுப்பலாம்னுதானே போட்டிருக்கு?" இடம் வாங்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்தப் பெண்ணின் அம்மா என் பின்னாலேயே வந்து, "மார்க் கம்மின்னா நல்லதா கெட்டதா டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள்.

அதே இரவு சாதாரண ஜலதோஷத்தோடு வந்த கொத்தனார் ஒருவருக்கு யூரியா 31. உங்கள் படிவப்படி 19க்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண். அந்த 19, யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளக்கும் யூரியா நைட்ரஜன் பரிசோதனைக்கான அளவு. எங்கள் ஆய்வகம் தருவது முழு ரத்த யூரியா. அதற்கு எல்லை 42 மில்லிகிராம். யாரோ பார்க்காமல் பெயர்த்து எழுதியதில், நன்றாக இருக்கிறவர்களில் பலருக்கும் இப்போது ஒரு மார்க் இலவசம்.

கர்ப்-65 எதற்கு உருவானது என்பது உங்களுக்கும் தெரியும். பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நோயாளிகளை வைத்து 2003இல் வந்தது. நிமோனியா என்று ஏற்கெனவே தெரிந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கத்தான் அது. கிருமி பாக்டீரியாவா வைரஸா என்று அதற்குத் தெரியாது. 2009 பன்றிக் காய்ச்சலில் மோசமானவர்களில் பெரும்பாலோர் 65 வயதுக்குக் கீழே. கர்ப்பிணிகளும் அதில் உண்டு. ஃப்ளூவுக்குப் பின்னால் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுழைந்தால் எப்படி இருக்கும் என்று 1918லேயே உலகம் பார்த்துவிட்டது.

ஆனாலும் பூஜ்யம் வாங்கியவருக்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் எனக்கு மெமோ வருகிறது. எக்ஸ்ரே அறை மாலையில் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறக்கும். சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வருவதற்குள் நோயாளி ஒன்று வீட்டில் இருப்பார், இல்லையென்றால் இருக்கவே மாட்டார். இரவில் வராதீர்கள் என்று பாக்டீரியாவுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடலாமே.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது படிவத்தைத் திருத்துங்கள் என்பதுதான். தலைப்பில் இருக்கும் 'கண்டறிதல்' வேண்டாம். ஆக்ஸிஜனுக்கு ஒரு கட்டம் வேண்டும்; அது குறைந்தால் மதிப்பெண் எதுவானாலும் அனுப்பலாம் என்று ஒரு வரி போதும். யூரியாவுக்கு 42. தயவுசெய்து இந்த ஃப்ளூ அடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.

அதுவரை எங்கள் வார்டில் 19ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 42 என்று எழுதி வைத்திருக்கிறோம். அதற்கும் மெமோ வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணி மருத்துவர்