அளந்த உயரத்தைப் பெற்றவர்களிடமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. தேர்ச்சி விகிதம், நீட், பள்ளிக் கட்டடம் பற்றியெல்லாம் உங்கள் வாசகர்கள் நிறைய எழுதுகிறார்கள், பிள்ளை வளர்கிறதா இல்லையா என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. 46 பிள்ளைகள். எல்லோருடைய உயரத்தையும் எடையையும் எழுதி அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். எடை மெஷின் வேறொரு வகுப்பில் இருந்தது, அடுத்த பீரியட் போய்க்கொண்டிருந்தது. எட்டுப் பத்துப் பேரை அளந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் போன வருடப் பதிவேட்டைப் பார்த்து, வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருப்பார்கள் என்ற கணக்கில் கூட்டிப் போட்டுவிட்டேன். அதில் ஒரு பெண் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் 134 சென்டிமீட்டர் இருந்தது, நான் 139 என்று எழுதினேன்.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது சுவரில் நிற்க வைத்து நேராக அளந்தோம். 135 வந்தது. அளவு தப்பு என்று நினைத்து மறுபடி அளந்தோம், அதே 135. இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள். எடை மட்டும் ஏறியிருந்தது. வகுப்பில் தூங்கி வழிவாள், எதைக் கேட்டாலும் மெதுவாகத்தான் பதில் வரும், சோம்பேறி என்றே எல்லா ஆசிரியர்களும் முடிவு கட்டியிருந்தோம். வீட்டில் 'அம்மாவும் குட்டைதானே' என்று விட்டுவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், தைராய்டு சுரப்பு மிகவும் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். அடுத்த வருடமே அவள் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தாள், வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்பில் நான் நிஜமாக அளந்திருந்தால் இது ஒரு வருடம் முன்னாடியே தெரிந்திருக்கும். நான் போட்ட அந்த 139 தான் அதை மறைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதைச் சொல்வது ஆசிரியர்களைக் குறை சொல்ல அல்ல. எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது ஆயிரம் இருக்கிறது, நெட் கிடைக்காது, கடைசித் தேதி என்று மேலிருந்து மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். எழுதிய எண்ணை யாராவது படிக்கிறார்கள் என்று தெரிந்தால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒழுங்காக அளக்கத் தோன்றும். யாரும் திருப்பிப் பார்க்காத எண்ணுக்கு எவ்வளவு மெனக்கெடுவார்கள்?

அளப்பது என்று சொல்லும்போது எப்படி அளக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். செருப்பு, ஷூ, சாக்ஸ் கழற்றி, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்தலை எல்லாம் சுவரில் படும்படி நின்று, பார்வை நேராக இருக்க, தலை மேல் ஒரு அட்டையைத் தட்டையாக வைத்து அழுத்திக் குறிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடையை மடித்துக் கட்டி ரிப்பன் போட்டிருப்பார்கள், அதோடு சேர்த்து அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுவரில் அழகாக ஒட்டகச்சிவிங்கி வரைந்து ஸ்கேல் போட்டிருந்தார்கள். அப்புறம் தரையில் டைல்ஸ் போட்டதில் தரை மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது, சுவரிலிருந்த ஸ்கேலை யாரும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு அளவும் தப்பு. எடை மெஷினும் அப்படித்தான், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஏறுவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, அளந்த பிறகு அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பது. எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் பி.எம்.ஐ. எண்ணை இப்போது போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். அதில் 18.5-க்குக் கீழே இருந்தால் மெலிவு என்று வரும். அது பெரியவர்களுக்கான கணக்கு, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையான பிள்ளைகளுக்கென்று 2007-ல் தனி அட்டவணையே போட்டிருக்கிறது, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நம் பிள்ளைகளை வைத்து 2015-ல் வரைபடம் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி எட்டு வயதுப் பிள்ளைக்கு நடு அளவே 15.7 தான். பெரியவர் கணக்கில் பார்த்தால் நன்றாக இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் மெலிந்தவர்கள் ஆகிவிடுவார்கள். இன்னொரு பக்கம், பத்து வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினாலே அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். பத்து வயதில் 22 இருக்கும் பையனைப் பார்த்து 'நார்மல்' என்று போன் காட்டும், நாமும் சரி என்று விட்டுவிடுவோம். வயதும் ஆணா பெண்ணா என்பதும் சேராமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஐந்து வயது வரை அங்கன்வாடி அக்கா மாதாமாதம் தூக்கி எடை போடுகிறார், எடை குறைந்தால் வீட்டுக்கே வந்து கேட்கிறார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றோடு அது நின்றுபோகிறது. பிழைத்துவிட்டது, இனி வளர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க எடுத்த விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 10 முதல் 19 வயதில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். அந்த வயதுப் பெண் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 46 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் இது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் வயதுக்கு வந்துவிட்டால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று அத்தையும் ஆச்சியும் போட்டி போட்டுக்கொண்டு கொடுப்பார்கள். நல்ல பழக்கம், விடக்கூடாது. ஆனால் பெண் பிள்ளை மடமடவென்று உயரம் போடும் காலம் வயதுக்கு வருவதற்கு முந்தியே வந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் வரைதான் மிச்சம். அந்தக் களியையும் முட்டையையும் ஒன்பது பத்து வயதிலேயே ஆரம்பித்தால் என்ன? பையன்களுக்கு இது இரண்டு வருடம் தள்ளி வரும், அவர்களுக்கு யாரும் களி கிண்டிக்கூடத் தருவதில்லை.

பள்ளியிலும் இதே கதைதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மை. பசியோடு பிரேயரில் மயங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளை நான் தூக்கி உட்கார வைத்து பிஸ்கட்டும் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. ஆறாம் வகுப்பு, அதாவது பெண் பிள்ளைக்கு வளர்ச்சி வேகம் பிடிக்கும் அதே வருடத்தில், காலைச் சாப்பாடு நிற்கிறது. உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருக்கும், ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அம்மா அதற்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸுக்கோ பட்டாசு ஆலைக்கோ வேன் ஏறிப் போயிருப்பார். வெறும் வயிற்றோடு வந்து, இடைவேளையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது, பதினொன்று, பன்னிரண்டுக்கு அதுவும் இல்லை.

வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த நீல மாத்திரை. பிள்ளைகள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கழிப்பறைப் பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான். சத்துணவு சாப்பிட்டு முடித்த கையோடு கொடுத்தால் பெரும்பாலும் குமட்டாது. மாத்திரை போட்டதும் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு நெல்லிக்காய் கடித்தால் நன்றாகச் சேரும். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் தோட்டத்திலிருந்து நெல்லிக்காய் கொண்டுவந்து மாத்திரையோடு கொடுத்துப் பார்த்தோம், துப்புவது பெரிதும் குறைந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது, 2013-ல் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். பிள்ளைகளைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு எங்கே போகிறது தெரியுமா? ஜியாமெட்ரி பாக்ஸில் நாலாக மடித்துக் கிடக்கும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதன் பின்பக்கம் கணக்குப் போட்டிருப்பார்கள். அப்பா அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும், எதற்காகப் போகச் சொல்கிறார்கள் என்பதும் புரியவில்லை. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறதே, என்ன வியாதி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போன வருடம் இவ்வளவு, இந்த வருடமும் இவ்வளவு, நடுவில் வளரவே இல்லை என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும், நாலுக்குக் கீழே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம்.

இன்னொன்று, எடை எடுக்கும்போது வகுப்பே சுற்றி நின்று பார்க்க, ஆசிரியர் சத்தமாக '52 கிலோ' என்று சொல்ல, இன்னொருவர் எழுதுவது. வேண்டவே வேண்டாம். அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும், பன்னிரண்டாம் வகுப்பு வரை அது ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பெண் அடுத்த நாளிலிருந்து சத்துணவுத் தட்டையே தொடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, எண்ணை வாயால் சொல்லாமல் எழுதினால் போதும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ரேங்க் கார்டில் மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதே அட்டையில் உயரம், எடைக்கு ஒரு சின்னக் கட்டம், அதில் இந்த வருட அளவுக்குப் பக்கத்திலேயே முந்தைய வருட அளவுகள் எல்லாம் வரிசையாக வர வேண்டும். ஜூனில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை. எமிஸ் எண் பிள்ளை பள்ளி மாறினாலும் மாறுவதில்லை, ஆகவே பழைய அளவுகளைத் தேடி எடுப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. இப்போது டி.சி.யில் மச்சம் எங்கே இருக்கிறது, தழும்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு அங்க அடையாளம் எழுதி அனுப்புகிறோம், அந்தப் பிள்ளை ஐந்து வருடமாக எப்படி வளர்ந்தது என்பதை எழுதுவதில்லை. புதுப் பள்ளியில் யாருக்கும் எதுவும் தெரியாது, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

உங்கள் பத்திரிகையில் வைகை அணை 71 அடியில் இன்று எத்தனை அடி, முல்லைப் பெரியாறு 142 அடியில் எத்தனை அடி, நேற்று எவ்வளவு என்று தினமும் போடுகிறீர்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் டீக்கடையில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஒரு அடி குறைந்தாலும் ஏன் என்று கேட்பார்கள். நேற்றைய அளவு பக்கத்திலேயே இருப்பதால்தான் அவர்களால் கேட்க முடிகிறது.

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன, ரேங்க் கார்டு அச்சுக்குப் போகும் நேரம் இது. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து அந்த ஒரு கட்டத்தை இந்த வருடமே சேர்க்க முடியும். அதுவரைக்கும் பெற்றோர்கள் காத்திருக்க வேண்டாம், வீட்டு நிலைப்படியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிகூட இல்லை என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்