பெயர் தெரியாத அந்த மாமிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள திருகோணமலை உறவுகளே,

திருகோணமலையின் பழைய கதைகளை எங்கள் பிள்ளைகள் வாசித்த அன்று பின்னேரம் மழையும் கரண்ட் தடையுமாக நடந்தது ஊருக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. எப்படியோ வாசிப்பு நடந்து முடிந்தது. இன்னும் நெஞ்சு படபடக்கிறது, அந்தச் சூட்டோடேயே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்த மாமிக்கு.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிய பகுதியை வாசித்து முடித்ததும் சம்பந்தரின் கோணமலைப் பதிகம் வர வேண்டும். அதன் பண், அதாவது தேவார இராகம், புறநீர்மை. ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் வந்த வாத்தியம், அது வேண்டாம், சுருதியும் தாளமும் போதும் என்று பிடிவாதமாக இருந்தவன் நான்தான். அப்போது பார்த்துக் கரண்ட் போனது. சுருதிப் பெட்டி நின்றுவிட்டது. போனில் சுருதி போட்டுப் பார்த்தோம், மழை இரைச்சலில் கேட்கவேயில்லை. பாட இருந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. தாளத்தைக் கையில் பிடித்தபடி அழும் நிலையில் நின்றாள்.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு மாமி எழும்பி வந்தார். பேரனைக் கூட்டிப் போக வந்தவராம். பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று, 'ம்...' என்று சுருதி பிடித்தார். அவ்வளவுதான். 'நிரைகழ லரவம்' என்று பிள்ளை தொடங்கினாள். மாமி மூச்செடுக்கும் இடங்களில் முன்வரிசை தானாகவே அந்த ஸ்வரத்தைத் தாங்கியது. 'தாயினும் நல்ல தலைவர்' என்ற அடி வந்தபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

சம்பந்தர் கோணமலைக்கு வரவில்லை, இராமேச்சுரத்தில் இருந்தே பாடினார் என்கிறது பெரியபுராணம். கடல் தாண்டி வந்த பாட்டு அது. அது பாடிய கோயில் இடிந்தது, பாட்டு இடியவில்லை. ஆயிரத்து முந்நூறு வருசமாக அதைக் கொண்டு வந்தவர்களும் இப்படித்தான் பக்கத்தில் நின்று 'ம்' கொடுத்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

லாம்பு கொண்டுவந்த கடைக்காரர்கள், ஈரக் கதிரை துடைத்த பெடியன்கள், ஓட்டோக்காரத் தம்பிமார், பிளேன்ரீ ஊற்றிய அக்காமார், 1942 ஏப்ரல் 9 யப்பான் குண்டுவீச்சு பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எழுதித் தந்த குடும்பங்கள், ரோர்ச் வெளிச்சத்தில் தடுமாறாமல் வாசித்த எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

1660இல் ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாக் கரையில். அந்தப் பகுதியை இந்த முறை பாதியில் விட வேண்டியதாயிற்று. அடுத்த முறை மூதூரிலேயே முழுவதும் வாசிப்போம், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மாமி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பேரனோடு போய்விட்டீர்கள். பெயரும் கேட்கவில்லை. மூதூருக்குக் கட்டாயம் வாங்கோ. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு வைப்போம்.